வுதரிங் ஹைட்ஸ்: யார் வீடு, யார் வாரிசு, யார் வேலைக்காரன்

எமிலி பிரான்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலின் இரண்டாம் அத்தியாயம். பனி கொட்டுகிற ஒரு பிற்பகலில் லாக்வுட் என்ற வாடகைக்காரர் தன் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறார். உள்ளே 40 வயது மதிக்கத்தக்க ஹீத்க்ளிஃப், 17 வயதுகூட நிரம்பாதவள்போலத் தெரியும் ஒரு பெண், பண்ணையாள் கோலத்தில் ஓர் இளைஞன். யாருக்கு யார் என்ன உறவு என்று லாக்வுட்டுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண் ஹீத்க்ளிஃபின் மனைவி என்று நினைத்துப் பேசுகிறார்; அவள் மருமகள். அப்படியானால் பக்கத்தில் இருக்கும் இளைஞன்தான் கணவன் என்று முடிவு செய்கிறார், கணவன் இறந்துவிட்டான். சரி, இவனும் ஹீத்க்ளிஃபின் மகனா என்று கேட்கப் போனால் அதுவும் இல்லை. “என் பெயர் ஹேர்ட்டன் எர்ன்ஷா, அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்தால் நல்லது” என்று அந்த இளைஞன் உறுமுகிறான்.

இதற்கு நடுவே இன்னொன்று நடக்கிறது. அந்தப் பெண் தேயிலையைக் கரண்டியில் அள்ளி, கெண்டிக்கு மேல் பிடித்துக்கொண்டே, “உங்களைத் தேநீர் குடிக்க அழைத்தார்களா?” என்று கேட்கிறாள். இல்லை, நீங்கள்தான் என்னை அழைக்க வேண்டியவர் என்று அவர் சொன்னதும் தேயிலையைக் கரண்டியோடு திருப்பிக் கொட்டிவிடுகிறாள். வந்தவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கும் உரிமைகூட அவளுக்கு அந்த வீட்டில் இல்லை. முதல் வாசிப்பில் இது வெறும் முரட்டுத்தனமாகத்தான் படும். கதை முழுவதும் தெரிந்தபின் படித்தால், ஒரே கூரையின் கீழ் இருக்கும் இந்த மூன்று பேரில் ஒருவருக்கொருவர் ரத்த உறவு யாருக்கு, சொத்தில் பாத்தியதை யாருக்கு, கூலியில்லாமல் உழைப்பவர் யார் என்பதெல்லாம் அந்தக் கரண்டியில் இருப்பது தெரியும். மிச்ச நாவல் லாக்வுட்டின் கேள்விக்கான பதில்தான்.

இதைக் காதல் கதை என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். ஆனால் மொத்தம் 34 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் கதாநாயகி கேத்தரின் 16-ஆம் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள். அதற்கப்புறம் வரும் 18 அத்தியாயங்கள் பிள்ளைகள், உயில், அடமானம், கட்டாயத் திருமணம் என்று போகின்றன. இரண்டாம் பாதி இழுவை என்று பலர் புத்தகத்தை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். சொத்துக் கணக்கைக் கூடவே போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பாதிதான் நாவலின் உயிர் என்பது புரியும். குடும்பத்துக்குள் இடம் கிடைக்காத ஒருவன், அந்தக் குடும்பத்தைக் காகிதத்தின் வழியாகவே கைப்பற்றுகிறான். கைப்பற்றியும் அவனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அவன் மிதித்து வைத்த பையன் ஒருவனின் மனதில் மட்டும் கிடைக்கிறது. என் வாசிப்பில் நாவல் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு தாளை எடுத்து வம்சவழியை எழுதிக்கொள்வது நல்லது. இடப்பக்கம் எர்ன்ஷா குடும்பம், வீடு வுதரிங் ஹைட்ஸ். வலப்பக்கம் லிண்டன் குடும்பம், வீடு த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச். இரண்டுக்கும் நடுவே நான்கு மைல். இடப்பக்கம் ஒரு மகன், ஒரு மகள்: ஹிண்ட்லி, கேத்தரின். வலப்பக்கமும் அப்படியே: எட்கர், இசபெல்லா. ஹிண்ட்லி வெளியூர்ப் பெண் பிரான்சிஸை மணக்கிறான், பிள்ளை ஹேர்ட்டன். கேத்தரின் எட்கரை மணக்கிறாள். மகள் பெயரும் கேத்தரின். இசபெல்லா ஹீத்க்ளிஃபை மணக்கிறாள். மகன் பெயர் லிண்டன். மூன்று தம்பதிக்கும் ஒரே ஒரு பிள்ளை. ஹீத்க்ளிஃபை எந்தப் பக்கமும் எழுத முடியாது, நடுவில் தனியாகத்தான் எழுத வேண்டும். சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926-இல் இந்த நாவலின் அமைப்பைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். வம்சவழி இப்படி இரண்டு பக்கமும் ஒத்து நிற்பதையும், கதையின் தேதிகளும் சொத்துச் சட்டமும் எவ்வளவு கவனமாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதையும் அவர்தான் வரிசையாக எடுத்துக் காட்டினார்.

வாசகர்கள் குழம்புவது பெயர்களில். அம்மா, மகள் இருவரும் கேத்தரின். லிண்டன் என்பது ஒரு பக்கம் குடும்பப் பெயர், இன்னொரு பக்கம் ஒரு பையனின் சொந்தப் பெயர். அம்மாவைக் கேத்தரின் என்றும் மகளைக் கேத்தி என்றும் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறேன். உறவுமுறையையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம். லிண்டன், கேத்திக்கு அத்தை மகன். ஹேர்ட்டன், தாய்மாமன் மகன். இருவருமே அவளுக்கு முறை உள்ளவர்கள். இங்கிலாந்திலும் இத்தகைய நெருங்கிய உறவில் மணம் முடிப்பதற்கு 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே சட்டத் தடை இல்லை.

அத்தியாய எண்களிலும் கவனம் தேவை. 1847 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தபோது நாவல் இரண்டு பாகம். முதல் பாகத்தில் 14 அத்தியாயம், இரண்டாவதில் 20. சில பதிப்புகள் இன்றைக்கும் அந்தப் பிரிவை வைத்திருக்கின்றன, சில ஒரே ஓட்டமாக 34 வரை எண்ணுகின்றன. நான் தருவது இரண்டாவது வகை. எமிலி 1848-இல் இறந்தபின் அக்கா சார்லட் 1850-இல் ஒரு பதிப்பைத் திருத்திக் கொண்டுவந்தார். அதில் வேலைக்காரர் ஜோசஃபின் யார்க்‌ஷயர் வட்டார வழக்கை மற்றவர்களுக்கும் புரியும்படி கொஞ்சம் மாற்றினார். ஜோசஃபின் பேச்சு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதற்குக் காரணம் அதுதான்.

லாக்வுட் அன்றிரவு ஹைட்ஸிலேயே மாட்டிக்கொண்டு ஒரு பழைய அறையில் படுக்கிறார். சன்னல் விளிம்பில் ஒரே பெயரை யாரோ திரும்பத் திரும்பக் கீறி வைத்திருக்கிறார்கள்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்க்ளிஃப், கேத்தரின் லிண்டன். இந்த வரிசையில் படித்தால் அது அம்மாவின் வாழ்க்கை: எர்ன்ஷாவாகப் பிறந்தாள், ஹீத்க்ளிஃபை விரும்பினாள், லிண்டனாக இறந்தாள். பின்னாலிருந்து படித்தால் மகளின் வாழ்க்கை: லிண்டனாகப் பிறந்து, ஹீத்க்ளிஃபின் மகனுக்குக் கட்டாயமாக மணமாகி, கடைசியில் எர்ன்ஷா ஆகப் போகிறாள். கதை தொடங்குவதற்குள்ளேயே முழுக் கதையையும் சன்னல் பலகையில் எழுதிவைத்திருக்கிறார் ஆசிரியர்.

இனி ஹீத்க்ளிஃப். நாவல் நேரடியாகக் கொடுக்கும் ஆண்டுகள் கொஞ்சம்தான்: தொடக்கத்தில் 1801, ஹேர்ட்டன் பிறந்த 1778, கடைசிப் பகுதியில் 1802, வீட்டு வாசல்மேல் செதுக்கிய 1500. மற்றவற்றை வயதையும் பருவத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால், பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்குப் போனது 1771-இன் கோடை. போக 60 மைல், வர 60 மைல், கால்நடை. மகன் ஹிண்ட்லி வயலின் கேட்டிருந்தான், மகள் கேத்தரின் குதிரைச் சவுக்கு கேட்டிருந்தாள். அவர் மேலங்கியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது தெருவில் கண்டெடுத்த ஒரு கறுத்த சிறுவன். வயலின் நொறுங்கியிருந்தது, சவுக்கு வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. பிள்ளைகளின் கண்ணில் அவன் வந்த கணமே தங்கள் பொருளைப் பறித்தவன். கேத்தரின் அவன்மேல் துப்பி, அதற்கு அப்பாவிடம் அடி வாங்குகிறாள். கட்டிலில் அவனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. பணிப்பெண் நெல்லி, விடிவதற்குள் போய்விடுவான் என்ற நினைப்பில் மாடிப்படியின் மேல்தளத்தில் விட்டுவிடுகிறாள். அவன் தவழ்ந்து பெரியவரின் அறைவாசலுக்குப் போய்க் கிடக்கிறான்.

அவனுக்கு வைத்த பெயர், அந்த வீட்டில் சிறுவயதில் இறந்த ஒரு மகனுடையது. முதற்பெயரும் அதுவே, குடும்பப் பெயரும் அதுவே. எர்ன்ஷா என்ற பெயரை அவனுக்குத் தரவில்லை. நல்ல மனதுள்ள பெரியவர் ஏன் முறைப்படி தத்தெடுக்கவில்லை என்ற கேள்வி எழும். எடுக்க வழியே இல்லை. இங்கிலாந்தில் தத்தெடுப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1926-இல்தான். அதுவரை வளர்ப்புப் பிள்ளை என்பது வளர்ப்பவரின் தயவு மட்டுமே. அவர் உயிரோடு இருக்கும்வரை செல்லம், இறந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் அந்நியன். உயில் எழுதி ஏதாவது வைத்திருக்கலாம். வைத்ததாக நாவலில் எங்கும் இல்லை.

1777-இல் பெரியவர் இறக்கிறார். வீட்டுத் தலைவனாகும் ஹிண்ட்லி அடித்துத் துரத்தவில்லை. அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்கிறான். ஹீத்க்ளிஃபை வேலையாட்களோடு சேர்க்கிறான், பாதிரியாரிடம் படித்துவந்த பாடத்தை நிறுத்துகிறான், வயலுக்கு அனுப்புகிறான். கூடத்திலிருந்து சமையலறைக்கு அவன் இடம் மாறுகிறது. அந்த ஆண்டின் இறுதியில் கேத்தரினும் அவனும் கிரேஞ்ச் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போது நாய் அவள் கணுக்காலைக் கடித்துவிடுகிறது. அவளை உள்ளே தூக்கிப்போய் ஐந்து வாரம் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கூட வந்தவனை யார் எவன் என்று ஆராய்ந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் பட்டு உடையும் கையுறையுமாகத் திரும்பி வரும்போது, மற்ற வேலைக்காரர்களைப்போல நீயும் வந்து வரவேற்கலாம் என்று ஹிண்ட்லி எல்லோர் முன்னும் ஹீத்க்ளிஃபிடம் சொல்கிறான். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் அவன் செய்யும் ஒவ்வொன்றும் இதற்கான பதில்.

மூன்று ஆண்டு காணாமல்போய், 1783-இல் கையில் பணத்தோடு வருகிறான். பணம் எங்கிருந்து வந்தது என்று நாவல் சொல்லவே இல்லை. தேட வேண்டியதும் இல்லை. அதைக் கொண்டு என்ன செய்கிறான் என்பதுதான் விஷயம். நேராக ஹைட்ஸுக்கே போய்த் தங்குகிறான், தாராளமாக வாடகை தருகிறான். மனைவியை இழந்து குடியிலும் சீட்டிலும் கிடக்கும் ஹிண்ட்லியோடு இரவெல்லாம் உட்கார்ந்து ஆடுகிறான். ஹிண்ட்லி தோற்கிறான், நிலத்தின்மேல் கடன் வாங்குகிறான், மறுபடியும் தோற்கிறான். 1784 செப்டம்பரில் ஹிண்ட்லி இறந்தபோது, ஒரு கெஜம் விடாமல் நிலம் முழுவதும் அடமானத்தில் இருப்பதும், அடமானம் பிடித்தவன் ஹீத்க்ளிஃப் என்பதும் வக்கீல் முன்னிலையில் நிரூபணமாகிறது. விருந்தாளியாக வந்தவன் எஜமான். அந்த வட்டாரத்தின் முதல் கனவானாக வளர்ந்திருக்க வேண்டிய ஹேர்ட்டன், தன் சொந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரன்.

அனாதையான ஹேர்ட்டனைத் தானே வளர்க்க எட்கர் விரும்புகிறார். அத்தையின் கணவர் என்ற முறையில் அவருக்கு அக்கறை உண்டு. ஹீத்க்ளிஃபின் பதில் சுருக்கமானது: இவனைக் கொண்டுபோனால் இசபெல்லாவிடம் இருக்கும் என் பிள்ளையை நான் கொண்டுவருவேன். அன்றைய சட்டத்தில் பிள்ளைமேல் உரிமை தகப்பனுக்குத்தான், தாய்க்கு இல்லை. எட்கர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாகிறது.

ஹேர்ட்டனை ஹீத்க்ளிஃப் அடித்து வளர்க்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. எழுதப் படிக்கச் சொல்லித்தரவில்லை, கெட்ட பழக்கம் எதையும் கண்டிக்கவில்லை. பாதிரியார் வாசல் மிதிக்கக்கூடாது என்று உத்தரவு. தனக்கு ஹிண்ட்லி செய்ததை அப்படியே அவன் மகனுக்குச் செய்கிறான். அதே காற்று வளைத்தால் இந்த மரமும் அதேபோலக் கோணலாக வளருமா என்று பார்க்கிறான். 18-ஆம் அத்தியாயத்தில் கேத்தி முதன்முதலாக ஹேர்ட்டனைச் சந்திக்கும்போது ஏற்படும் குழப்பம் கவனிக்க வேண்டியது. “எங்கள் வீடு, எங்கள் ஆட்கள்” என்று அவன் பேசியதால் வீட்டுக்காரரின் மகன் என்று அவள் எண்ணிவிட்டாள். வேலைக்காரன் என்றால் தன்னை மரியாதையாக அழைத்திருக்க வேண்டாமா என்று அவளுக்குக் கோபம். தாய்மாமன் மகன் என்று தெரிந்ததும் அழுகிறாள்.

கிரேஞ்ச் விவகாரம் இதைவிடச் சிக்கல். எட்கரின் அப்பா, பெரியவர் லிண்டன், நிலம் யாருக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எட்கருக்கு அவர் ஆயுள்வரை. அவருக்கு மகன் இருந்தால் மகனுக்கு. இல்லையென்றால் எட்கரின் மகளுக்கு அல்ல, தன் சொந்த மகள் இசபெல்லாவுக்கும் அவள் வழிக்கும். கேத்தரின் மகளைப் பெற்றுவிட்டு இறந்த இரவில் நெல்லி மனதுக்குள் பெரியவரைத் திட்டுவது இதற்காகத்தான். ஹீத்க்ளிஃப் இசபெல்லாவை இழுத்துக்கொண்டு ஓடியதை வெறும் வெறுப்பென்று படித்தால் இந்த முடிச்சு விட்டுப்போகும். எட்கருக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் கிரேஞ்ச் அடுத்துப் போவது ஹீத்க்ளிஃபின் மகனுக்கு.

ஆனால் அந்த மகன் லிண்டன் நோயாளி, நெடுநாள் தாங்கமாட்டான். இசபெல்லா இறந்தபின் 1797-இல் எட்கர் அவனைக் கூட்டிவந்த மறுநாளே ஹீத்க்ளிஃப் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவனுக்கென்று அறை ஒழுங்காகிறது. 20 மைல் தொலைவிலிருந்து வாரம் மூன்று நாள் ஓர் ஆசிரியர் வருகிறார், அவன் சொன்னபடி கேட்க வேண்டும் என்று ஹேர்ட்டனுக்கு ஆணை. பாசமாகத் தெரியும் இதன் காரணத்தை ஹீத்க்ளிஃபே நெல்லியிடம் சொல்லிவிடுகிறான்: இவன் உங்கள் வீட்டின் வருங்காலச் சொந்தக்காரன், இவனுக்குப் பிறகு எனக்கு வரும் என்று உறுதியாகும்வரை இவன் சாகக்கூடாது.

மகனிடமிருந்து தனக்கு வரவழைக்க அவன் போடும் வழி, மகனுக்கும் கேத்திக்கும் திருமணம். மணமானதும் மனைவியின் பணமும் அசையும் சொத்தும் கணவனுடையதாகிவிடும். இங்கிலாந்தில் இதை மாற்றிய சட்டங்கள் 1870-இலும் 1882-இலும்தான் வந்தன. மைனராக இருக்கும் கணவன் நிலத்தை உயிலில் எழுத முடியாது, அதற்கு 21 வயது ஆக வேண்டும். ஆனால் 1837 உயில் சட்டத்துக்கு முன்பு, 14 வயது நிரம்பிய பையன் அசையும் சொத்துக்கு உயில் எழுதலாம். லிண்டனுக்கு வயது 17. எட்கர் சாகக் கிடக்கும் வாரத்தில் ஹீத்க்ளிஃப் கேத்தியை ஹைட்ஸுக்குள் பூட்டிவைத்து மகனுக்கு மணம் முடிக்கிறான். மகனை மிரட்டியோ ஏய்த்தோ, அவனுடையதும் அவளுடையதுமான அசையும் சொத்து எல்லாவற்றையும் தகப்பனுக்கு எழுதிவாங்குகிறான்.

எட்கர் எங்கே தவறவிட்டார்? அவர் நல்லவர், ஆனால் காகிதத்தில் தாமதக்காரர். ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து மகளுக்கென்று ஒரு தொகை ஒதுக்கி வந்தார். நிலம் அவளுக்கு வராது என்பது தெரிந்ததால், வாரிசான லிண்டனை அவள் மணந்துகொண்டால் தாத்தாவின் வீட்டிலேயே இருக்கலாமே என்றும் எண்ணினார். அந்தப் பையன் தன்னைப்போலவே வேகமாகச் செத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. கடைசி நேரத்தில்தான் சூது புரிகிறது. கேத்தியின் பணத்தை அவள் கையில் நேரடியாக விடாமல் டிரஸ்டிகள் பொறுப்பில் வைத்து, அவள் ஆயுள்வரை அனுபோகம், பிறகு அவள் பிள்ளைகளுக்கு என்று மாற்றி எழுத நினைக்கிறார். இதைச் செய்திருந்தால் அந்தப் பணம் ஹீத்க்ளிஃபுக்குப் போயிருக்காது. வக்கீல் கிரீனுக்கு ஆள் அனுப்புகிறார்கள். கிராமத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, விடிவதற்குள் வருகிறேன் என்று பதில் வருகிறது. அவர் ஏற்கெனவே ஹீத்க்ளிஃபிடம் விலைபோய்விட்டார். இரவில் கதவு தட்டப்படுகிறது, வக்கீல் என்று நெல்லி ஓடுகிறாள். நிற்பது கேத்தி. அம்மாவின் பழைய அறைச் சன்னல் வழியே மரத்தைப் பிடித்து இறங்கித் தப்பி வந்திருக்கிறாள். அப்பா உயிர் விடும்போது பக்கத்தில் இருக்க அவளால் முடிந்தது. சொத்தைக் காப்பாற்ற எவராலும் முடியவில்லை.

வக்கீல் விடிந்தபின் வந்து, நெல்லியைத் தவிர மற்ற வேலையாட்களை எல்லாம் வெளியேறச் சொல்கிறார். எட்கரை மனைவியின் பக்கத்தில் புதைக்கக்கூடாது, குடும்பத்தாரோடு தேவாலயத்துக்குள்தான் புதைக்க வேண்டும் என்றுகூடப் பிடிவாதம் பிடிக்கப் பார்க்கிறார். அதை மட்டும் எட்கரின் உயில் தடுத்துவிடுகிறது. கேத்தரினின் கல்லறை லிண்டன்களின் சிற்பக் கல்லுக்குக் கீழேயும் இல்லை, எர்ன்ஷாக்களின் வரிசையிலும் இல்லை. இடுகாட்டின் ஒரு மூலையில், காட்டுச் செடி தாண்டி வருமளவு சுவர் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு குடும்பத்திலும் முழுதாகச் சேராதவளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

நிலத்தைப் பொறுத்தவரை, மனைவி வழியிலும் மகன் வழியிலும் தனக்கே என்று ஹீத்க்ளிஃப் எடுத்துக்கொள்கிறான். சட்டப்படி இது நிற்காது. இசபெல்லா அந்த நிலத்தை ஒருநாளும் அனுபவித்ததில்லை. மகனின் நிலத்துக்குத் தகப்பன் வாரிசாக அன்றைய சட்டம் அனுமதிக்கவும் இல்லை, அது 1833-இல்தான் மாறியது. “சட்டப்படிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்” என்று சொல்லும் நெல்லி, உடனே உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறாள்: பணமும் ஆதரவும் இல்லாத கேத்தியால் அவனை எதிர்த்து என்ன செய்ய முடியும்? வழக்குப் போட வசதி இல்லாதவர்களுக்கு உரிமை இருந்தும் பயனில்லை என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு எந்த நாவலும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. காலியான கிரேஞ்சுக்கு ஹீத்க்ளிஃப் வாடகைக்கு ஆள் தேடுகிறான். அப்படி வந்து சேர்ந்தவர்தான் லாக்வுட்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெற்ற மகனை ஹீத்க்ளிஃப் வெறுக்கிறான். எதிரியின் மகன் ஹேர்ட்டனில் தன்னையே காண்கிறான். ஒருவன் தளம் பாவப் பயன்படுத்திய தங்கம், இன்னொருவன் வெள்ளிபோல மினுக்கிய தகரம் என்று 21-ஆம் அத்தியாயத்தில் அவனே சொல்கிறான். அதைவிட, தன்மேல் ஹேர்ட்டனுக்கு அளவில்லாத பிரியம் என்பதையும் பெருமையாகச் சொல்கிறான். 33-ஆம் அத்தியாயத்தில் கேத்தி ஹீத்க்ளிஃபின் அநியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும்போது ஹேர்ட்டன் தடுக்கிறான். உன் அப்பாவைப் பற்றி நான் இப்படிப் பேசினால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறான். அவளுக்கு அப்போதுதான் விளங்குகிறது: சொத்தைப் பறித்தவன் என்று அவள் பார்க்கும் ஆளை, இவன் தகப்பனாகவே பார்க்கிறான். பழக்கத்தில் வார்த்த அந்தச் சங்கிலியை அறுக்க முயல்வது கொடுமை என்று அவள் அதோடு நிறுத்திக்கொள்கிறாள். பத்திரத்தில் ஹீத்க்ளிஃப் பிடித்தது நிலத்தை. வளர்த்ததால் கிடைத்த மகனை அவன் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

ஹேர்ட்டன் தன் இடத்தைத் திரும்பப் பெறுவது வழக்காலோ பணத்தாலோ அல்ல. 24-ஆம் அத்தியாயத்தில், வாசல்மேல் செதுக்கியிருப்பதை இப்போது என்னால் படிக்க முடியும் என்று கேத்தியிடம் காட்டுகிறான். எழுத்தெழுத்தாகக் கூட்டி “ஹேர்ட்டன் எர்ன்ஷா” என்று தன் பெயரையே படிக்கிறான். பக்கத்தில் உள்ள எண்? அது இன்னும் தெரியாது. 1500 என்ற அந்த எண்ணை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, கேலிசெய்து சிரிக்கிறாள். தன் முன்னோர் பெயர் தெரியும், எத்தனை தலைமுறை என்பது தெரியாது. வாரிசுரிமை பறிபோனவனின் நிலையை இதைவிட நெருக்கமாகக் காட்ட முடியாது. பிறகு 32-ஆம் அத்தியாயத்தில் அவளே ஒரு புத்தகத்தை வெள்ளைத்தாளில் சுற்றி, நாடா கட்டி, “திரு. ஹேர்ட்டன் எர்ன்ஷா” என்று மேலே எழுதிக் கொடுத்தனுப்புகிறாள். அந்த வீட்டில் அவனை மரியாதையாக யாரும் எழுதிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். இருவரும் சேர்ந்து ஜோசஃபின் பிளாக்கரன்ட் பழச்செடிகளைப் பிடுங்கிவிட்டு, கிரேஞ்சிலிருந்து பூச்செடி கொண்டுவந்து வைக்கத் திட்டம் போடுகிறார்கள். எங்கள் நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்ட உங்களுக்கு, சில கெஜம் மண்ணில் நான் பூ வைப்பது பொறுக்கவில்லையா என்று கேத்தி ஹீத்க்ளிஃபை நேருக்கு நேர் கேட்கிறாள். அடிக்க ஓங்கிய கை அப்படியே தளர்ந்துவிடுகிறது. அவளுக்கும் ஹேர்ட்டனுக்கும் இருப்பது செத்துப்போன கேத்தரினின் கண்கள்.

ஹீத்க்ளிஃப் 1802-இல் உயில் எழுதாமலே இறக்கிறான். சொத்தை யாருக்கு விடுவதென்று தெரியவில்லை, பூமியிலிருந்தே அழித்துவிட முடிந்தால் நல்லது என்று கடைசி நாட்களில் நெல்லியிடம் சொல்கிறான். அவன் கல்லறைக் கல்லில் எழுத ஒற்றைப் பெயரும் இறந்த தேதியும் மட்டுமே இருந்தன. குடும்பப் பெயர் கிடையாது, வயது யாருக்கும் தெரியாது. பிணத்தின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து உண்மையாக அழுதவன் ஹேர்ட்டன் ஒருவன்தான்.

சரி, சொத்து? வாரிசில்லாமல் ஒருவன் இறந்தால் அவனுடையது அரசுக்குப் போகும். இங்கே சாங்கர் ஓர் அழகான கணக்கைக் காட்டுகிறார். அடமானம் பிடித்தவன் 20 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால்தான், மீட்கும் உரிமை அடமானம் வைத்தவன் வழியை விட்டுப் போகும். ஹீத்க்ளிஃப் ஹைட்ஸை எடுத்துக்கொண்டது 1784, இறந்தது 1802. 18 ஆண்டுதான். ஆகவே நிலம் ஹேர்ட்டனுக்கு இன்னும் மீட்கக்கூடியதாகவே இருந்தது. கடன்தொகை மட்டும் அரசுக்குச் சேர வேண்டியது. கிரேஞ்ச் நிலத்துக்கோ, லிண்டன் இறந்தபின் தாத்தாவின் நேர் வழியில் எஞ்சியிருந்தது கேத்தி ஒருத்திதான். ஜோசஃப் மண்டியிட்டு, பழைய வம்சமும் உண்மையான எஜமானும் திரும்பி வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். 1803 புத்தாண்டு நாளில் கேத்திக்கும் ஹேர்ட்டனுக்கும் திருமணம் என்று நெல்லி லாக்வுட்டிடம் சொல்கிறாள். மணமானதும் இருவரும் கிரேஞ்சுக்குக் குடிபோவார்கள், நெல்லியும் கூடவே. ஹைட்ஸில் ஜோசஃபும் துணைக்கு ஒரு பையனும் சமையலறையில் இருந்துகொள்வார்கள், மற்ற அறைகளைப் பூட்டிவிடுவார்கள்.